பாதிப் பூவின் மீதி

ஒரு மரக்கட்டைக்கு நீங்கள் எப்போதாவது தலை வணங்கியிருக்கிறீர்களா?

இல்லவே இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஏதோ ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள். வாசல் தாழ்வாக இருக்கிறது. குனிந்து நுழைகிறீர்கள். “பணிவு வரணும்னுதான் பெரியவங்க வாசலை இப்படி வச்சாங்க” என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். நீங்களும் “ஆகா!” என்று தலையாட்டுகிறீர்கள். மண்டை உடையாமல் இருக்கக் குனிந்த குனிவு, மறுபக்கம் போய் நிமிர்வதற்குள் பண்பாடாகிவிடுகிறது.

இந்த வித்தைக்கு மசியாத மனிதர் ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர். வைத்தது அவருடைய அக்கா. பத்து வயதிலேயே அக்காவின் தலையைத் தாண்டி வளர்ந்து, உடம்பில் சதை மட்டும் போடாமல் நின்றவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? காலப்போக்கில் பெயரும் தேய்ந்து கம்பு ஆயிற்று.

கம்பு முதலில் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தார். திருமண அழைப்பிலிருந்து தத்துவ நூல் வரை அச்சுக்கு வந்த அத்தனையையும் படித்தார். படித்ததில் பாதியை நம்பவில்லை, மீதியோடு சண்டை போட்டார். ஊரில் பேய் ஓட்டுகிறவர், கைரேகை பார்க்கிறவர், எண்ணை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்கிறவர் யாரும் அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். “ஆதாரம் என்ன?” என்பது அவர் வாயில் இருமல்போல வந்துகொண்டே இருக்கும். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் பட்டது. சொந்தப் பிழையைத் திருத்த யாரும் சம்பளம் கொடுக்காததால் அந்தப் பழக்கம் அவருக்கு வரவில்லை.

அச்சகம் மூடிய பிறகு அவருக்குக் கிடைத்த வேலைதான் விதியின் விளையாட்டு. விதி என்று ஒன்று இல்லை என்பது அவர் கட்சி. ஆகவே தற்செயலின் விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஊரிலேயே உயரமான மனிதருக்கு, ஊரிலேயே தாழ்வான வாசல் உள்ள வீட்டில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு அந்த வீட்டைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்லும் வேலை.

பல நூறு ஆண்டுப் பழைய வீடு அது. எலும்பெல்லாம் மரம். கல்மேடையின் மேல் வரிசையாகத் தூண்கள், தூண்களின் தலையில் உத்தரம், உத்தரத்திலிருந்து உத்தரத்துக்கு விட்டம், அங்கிருந்து முகட்டை நோக்கிச் சாய்ந்து ஏறும் கைமரங்கள். ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் வாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கும். வழுக்கிவிடாமல் குறுக்கே ஒரு மர ஆணி. சுவர் வெறும் சட்டைதான். மரச்சட்டங்களுக்கு நடுவே குச்சிப் பின்னல், அதன்மேல் பூசிய களிமண். சட்டையைக் கழற்றினாலும் எலும்பு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே நாணல் கூரை. பனிக்குப் பயந்த கிழவர் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டதுபோல, சன்னல்களின் புருவத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். பல தலைமுறை அடுப்புப் புகை ஏறி, உள்ளே மேல்மரமெல்லாம் கருத்துப் பளபளக்கும்.

வீட்டைப் பராமரிக்க அறக்கட்டளை ஒன்று இருந்தது. அதன் தலைவர், வீட்டை ஆண்ட குடும்பத்தின் கடைசிக் கொழுந்து. கம்புவிடம் வேலை கொடுத்த அன்றே பாடமும் கொடுத்தார்.

“வாசல்ல நிறுத்தி, ‘பணிவு பழகத்தான் இந்தத் தாழ்ந்த வாசல்’னு சொல்லணும். எங்க கொள்ளுத்தாத்தாவே குனிஞ்சுதான் வருவார்னு சேர்த்துக்குங்க. சனங்களுக்குப் பிடிக்கும்.”

“உங்க கொள்ளுத்தாத்தா எவ்வளவு உயரம்?”

“ரொம்பக் குள்ளம்தான்.”

“அப்ப அவர் குனிஞ்சிருக்கவே வேண்டாமே.”

தலைவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் சொன்னதைக் கம்பு சொல்லவில்லை. தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். பணிவாவது மண்ணாவது! குத்தகை கொடுக்க வருகிற உழவன், கடன் கேட்க வருகிற ஏழை, எவனும் எசமான் முன்னால் நிமிர்ந்து வரக்கூடாது என்று திட்டம் போட்டுத் தாழ்த்திய வாசல் இது! வாசற்படிக்கட்டையைப் பாருங்கள், முழங்கால் உயரம்! மேலே தலையைத் தாழ்த்து, கீழே காலைத் தூக்கு! மனிதனை மடித்து உள்ளே தள்ளும் இயந்திரம்!

வருகிறவர்கள் அசந்துபோனார்கள். பணிவுக் கதையை எல்லா ஊரிலும் கேட்டாயிற்று. இது புதிது.

சொன்னதோடு நிற்கவில்லை, செயலிலும் காட்டினார். மரத்துக்குத் தலை வணங்க மாட்டேன் என்று முடிவெடுத்தார். ஆனால் வாசல் அவர் மார்பளவுக்குக் கொஞ்சம் மேலே. நிமிர்ந்து போனால் மரம் ஜெயிக்கும், குனிந்து போனால் எசமான் ஜெயிப்பான். யோசித்து மூன்றாவது வழி கண்டார். முழங்காலை மடித்தார். தலை நேராக, பார்வை எதிரே, இடுப்பு தரையை நோக்கி இறங்க, வாத்துபோல அசைந்து அசைந்து படியைத் தாண்டி உள்ளே போனார். எழுந்து நின்றபோது முழங்கால் இரண்டும் ‘கடக் கடக்’ என்று கைதட்டின.

பகுத்தறிவு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். பின்னால் வந்த குடும்பம் ஒன்று, இதுதான் இந்த வீட்டு முறை என்று நினைத்து அப்படியே முழங்காலை மடித்துக்கொண்டு வந்தது. அடுத்து வந்தவர்கள் அவர்களைப் பார்த்து மடித்தார்கள். கொஞ்ச நாளில் வந்தவர்களெல்லாம் வாத்து நடைதான். தலைவர் ஒருநாள் அதைப் பார்த்துப் பரவசப்பட்டு, யாரோ ஒரு பெரிய மனிதரிடம், “முழங்கால் மடிச்சு நுழையறது எங்க வீட்டோட தொன்மையான மரியாதைங்க” என்று கம்புவின் காதுபடவே சொன்னார்.

கம்பு அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினார்.

“மூடநம்பிக்கையை ஒழிக்கப் போறேன்னு போன,” என்றாள் அக்கா. “புதுசா ஒண்ணைப் பெத்து இடுப்புல தூக்கிட்டு வந்திருக்க. பேர் வச்சிட்டியா?”

அக்காவும் அதே வீட்டில்தான் வேலை பார்த்தாள். கம்புவுக்கு முன்பிருந்தே பார்த்தாள். காலையில் பெருக்கித் துடைப்பாள், அப்புறம் உள்ளே வாசலோரம் கிடந்த மேஜையில் உட்கார்ந்து நுழைவுச்சீட்டு கிழிப்பாள். சீட்டுக் கிழிக்கும் கை ஓயலாம், வாய் ஓயாது. “செருப்பை அங்க விடுங்க. பாட்டில் தண்ணி உள்ள வேண்டாம். அண்ணே, தூணைச் சுரண்டாதீங்க, அது உங்க முதுகு இல்ல.” தம்பியைத் தவிர உலகில் யாரையும் அவள் அதிகம் திட்டியதில்லை. தம்பிக்கும் அவளுக்கும் வேறு யாருமில்லை. ஒரே சமையலறை, ஒரே சண்டை.

கம்புவின் உச்சக்கட்ட வெற்றி ஒரு தூணின் அடியில் இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே நின்ற நடுத்தூணில், தரையை ஒட்டி ஒரு பூ செதுக்கியிருந்தது. மேல் இதழ்கள் மட்டும். கீழே இல்லை. பாதியோடு நின்றுவிட்டது. ஏன்?

“கூலியைக் குறைத்தான் எசமான்!” என்று தூணின் முன் நின்று முழங்குவார் கம்பு. “தச்சன் வாய் திறக்கவில்லை. உளியைக் கீழே வைத்தான். பாதிப் பூவோடு எழுந்து போனான். இத்தனை நூற்றாண்டாக அந்தப் பாதிப் பூ இங்கே நின்று கேட்கிறது: என் மீதிக் கூலி எங்கே?”

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஊர்த் தச்சர் சங்கம் பாதிப் பூவைத் தன் கொடியிலேயே போட்டுக்கொண்டது. இந்தக் கதைக்கு ஆதாரம் என்ன என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆதாரம் கேட்பதே அவர் வேலையாக இருந்ததால், அவரிடம் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஒருமுறை, வாசற்படிக்கட்டையில் தடுக்கி வயதான ஒருவர் விழுந்தார். கட்டையின் உயரத்தைக் குறைத்தால் என்ன என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கம்பு எழுந்தார். அடக்குமுறையின் சாட்சியத்தை அழிக்க நினைப்பவர்கள் அடக்குமுறையின் கையாட்கள் என்றார். ஒரு இழை மரத்தைக்கூடத் தொடக்கூடாது என்றார். மேஜையைத் தட்டினார். தலைவரும் தட்டினார். இருவரும் ஒரே விஷயத்துக்கு மேஜையைத் தட்டியது அன்றுதான் முதல்முறை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு காலையில், துடைக்க வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போன அக்கா அதே கட்டையில் தடுக்கினாள்.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பொருத்தினார்கள், பொருத்து சரியாகப் பிடிக்கவில்லை. பல மாதம் படுத்திருந்து எழுந்தபோது, சக்கர நாற்காலியோடுதான் இனி வாழ்க்கை என்று ஆகிவிட்டது. அக்கா அதற்காக அழுததைக் கம்பு பார்க்கவில்லை. “வாயும் கையும் நல்லா இருக்கில்ல? சீட்டுக் கிழிக்கக் கால் எதுக்கு?” என்றாள். முதல் வேலையாக, தம்பி தள்ள, நாற்காலியில் வேலைக்கு வந்தாள்.

வாசல்வரை வந்தாள்.

மூன்று கற்படி. அதன்மேல் முழங்கால் உயரக் கட்டை. சக்கரம் ஏறாது. தூக்கி உள்ளே வைக்கலாம் என்றால், தினம் தூக்க ஆள் வேண்டும், அவளும் சம்மதிக்கவில்லை. “நான் என்ன அரிசி மூட்டையா?”

“அப்ப மேஜையை வெளியே போட்டுடலாம்” என்று கம்பு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து கூரை விளிம்பின் கீழே போட்டார். அக்கா அன்று முழுவதும் அங்கேயே சீட்டுக் கிழித்தாள். ஒரு குறையுமில்லை. மாலையில் தலைவர் வந்தார்.

“மேஜை வெளியே கிடந்தா வீட்டோட முகம் போட்டோவுல கெட்டுப்போகுது. உள்ளயே இருக்கட்டும்.”

“அப்ப நான் எப்படிங்க உள்ள வர்றது?” என்றாள் அக்கா.

“கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா வாசலைத் தொட முடியாதே. பழமையை அப்படியே காக்கணும். நானா சொல்றேன்? உங்க தம்பிதான் சொன்னார். ஒரு இழை மரத்தைத் தொடக்கூடாதுன்னு. என்ன அருமையாப் பேசினார்!” தலைவர் கம்புவின் தோளைத் தட்டப் போனார். எட்டவில்லை, முழங்கையைத் தட்டினார். “இந்த மாசம் முடியட்டும்மா. அடுத்த மாசம் வேற ஆள் பார்த்துக்கறோம்.”

உலகத்து அநியாயத்துக்கெல்லாம் மேற்கோள் வைத்திருந்த கம்பு, கண்ணெதிரே நடந்த அநியாயம் தன்னையே மேற்கோள் காட்டிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும் வழியில் கம்பு நாற்காலியைத் தள்ளினார். அக்கா திட்டாமல் இருந்ததுதான் அவரைக் கொன்றது.

“ஏதாவது சொல்லேன்கா.”

“என்ன சொல்றது? செத்துப்போன ஏழைக்கெல்லாம் வக்கீல் நீ. உயிரோட இருக்கறவ முறை வரும்போது, எதிர்க்கட்சிக்கு வாதாடிட்டு வந்து நிக்கற. தள்ளு, மழை வருது.”

மழை வந்தது. அந்த வாரம் முழுவதும் விட்டபாடில்லை. அக்கா மட்டும் தினமும் வந்தாள். சீட்டுக் கிழிக்க அதற்குள்ளேயே வேறொருவரை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அவள் வாசலுக்கு வெளியே, கூரை விளிம்பின் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் “செருப்பை அங்க விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாசம் முடியும்வரை வேலை அவளுடையது. அதை அவள் விடுவதாக இல்லை.

நாணல் எத்தனை கனமாக இருந்தாலும் முகட்டில் தேய்ந்துவிட்டால் ஒழுகும். ஒரு மத்தியானம், ஆட்கள் இல்லாத வேளையில், நடுத்தூணை ஒட்டி நீர் இறங்குவதைக் கம்பு கண்டார். கூரையில் நுழைந்த நீர் கைமரம் வழியாக, உத்தரம் வழியாக, தூணைப் பிடித்துக்கொண்டு வழிந்து, அடியில் இருந்த களிமண் தரையைக் கரைத்துக் குழியாக்கியிருந்தது. பாத்திரம் வைக்கலாம் என்று குனிந்தார். ஆமாம், இந்த முறை குனிந்தார். பார்க்க யாருமில்லை.

குழியில் ஒரு இதழ் தெரிந்தது.

விரலால் சேற்றை ஒதுக்கினார். இன்னொரு இதழ். அதற்குக் கீழே காம்பு, காம்பின் இருபுறமும் இரண்டு இலை, இலையின் நரம்புகூட விடாமல் செதுக்கியிருந்தது. அவசரமே படாத, உளியைக் கீழே வைக்காத, திருப்தியாக வேலையை முடித்த கை.

பூ பாதியில் நிற்கவில்லை. மீதி மண்ணுக்குள் இருந்தது.

அடுத்த கணம் அவர் செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே வெட்கக்கேடான பகுதி. ஆதாரம், ஆதாரம் என்று ஊரையே விரட்டியவர், ஆதாரம் தானாக முளைத்து வந்து முகத்தில் சிரித்தபோது, இரண்டு கையாலும் சேற்றை வாரி அதன் மேல் அப்பினார். அப்பி, உள்ளங்கையால் தட்டி, மெழுகினார்.

“என்னடா புதைக்கிற?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நாற்காலியில் இருந்தபடியே அக்கா கட்டைக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரையாவது கொன்னுட்டியா?”

கம்பு சேற்றுக் கையோடு திரும்பினார். “பூ முழுசா இருக்குக்கா.”

“எந்தப் பூ?”

“பாதிப் பூ.”

அக்கா யோசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத சிரிப்பு. நாற்காலி ஆடியது. “அப்ப அந்தத் தச்சன் முழுக் கூலியும் வாங்கிட்டுத்தான் போயிருக்கான்! நீதாண்டா இத்தனை வருஷமா அவனைப் பட்டினி போட்டிருக்க!”

“சிரிக்காதே. சங்கக் கொடியில இருக்கு. ஊரே நம்புது. இப்ப நான் போய்…” என்றவர் நிறுத்தினார். பிழை திருத்துபவரின் பழைய மூளை, தாமதமாகத்தான், வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பூ மண்ணுக்குள் போகாது. அப்படியானால் மண்தான் பூவுக்கு மேல் வந்திருக்கிறது. தரை ஏறியிருக்கிறது. குழியின் ஓரத்தைப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடைபோல அடுக்கடுக்காகக் களிமண். ஒரு அடுக்கு கறுப்பு, ஒரு அடுக்கு செம்மை, நடுவில் கரித்தூள். தரையில் பள்ளம் விழும்போதெல்லாம் பழையதை வெட்டி எடுக்கச் சோம்பல்பட்டு, மேலேயே புது மண்ணைப் போட்டு அடித்திருக்கிறார்கள். தாத்தா போட்டார், அப்பா போட்டார், மகன் போட்டான். பூ முங்கியது. வாசல் தாழ்ந்தது.

தாழவே இல்லை. வாசலின் மேல்கட்டை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

“அக்கா! வாசல் தாழ்வு இல்லக்கா! தரை உசரம்!”

“அதுக்கு?”

வாத்து நடையை மறந்து, அரைகுறைக் குனிவில் வாசலுக்கு ஓடினார். மேல்கட்டை நெற்றியில் ‘ணங்’ என்று விழுந்தது. அப்படியே படிக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததால் அதைக் கண்டார். கட்டையின் இரு முனையிலும் துருப்பிடித்த பெரிய இரும்பாணிகள். இரும்பாணி! “இந்த வீட்டில் ஒரு இரும்பாணிகூட இல்லை” என்பது அவர் தினமும் சொல்லும் பாடத்தின் முதல் வரி. அதைச் சொல்லிக்கொண்டே இந்த ஆணியைத்தான் தினமும் தாண்டிப் போயிருக்கிறார்.

கட்டைக்கு அடியில் விரல் நுழையும் இடுக்கு. உள்ளே இன்னொரு கட்டை. அது மர ஆணி போட்ட பழைய படி. வெளித் தரைமட்டத்துக்குச் சற்றே மேலே, நடுவில் பல தலைமுறைக் கால்கள் தேய்த்த பள்ளத்தோடு கிடந்தது. தரை ஏற ஏற, மண் வெளியே சரியாமலிருக்க மேலே இந்தக் கட்டையை அறைந்திருக்கிறார்கள். கட்டை உயர்ந்ததால் வெளியே படிக்கல் அடுக்கியிருக்கிறார்கள். எசமானின் ஆணவமும் இல்லை, பெரியவர்களின் பணிவும் இல்லை. பரம்பரைச் சோம்பேறித்தனம்.

நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவர் மண்வெட்டியைத் தேடினார்.

“தொடாதே!” என்றாள் அக்கா. “நீ தனியா தோண்டினா, நீயே புதைச்சு நீயே எடுத்தேம்பாங்க. கையெல்லாம் சேறு வேற. கூரை ஒழுகுதுன்னு பழங்கட்டடத் துறைக்குச் சொன்னா இன்ஜினியரம்மா வந்து பார்ப்பாங்கல்ல? தலைவரும் இருப்பாரு. நாலு பேர் பார்க்கத் தோண்டு.”

“நாலு பேர் முன்னாடி என் கதை பொய்யின்னும் சொல்லணுமே.”

“வேண்டாம்னா விடு,” என்றாள். “மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. நான் வெளியே உக்கார்ந்து உன் பாதிப் பூக் கதையைக் கேட்டுட்டிருக்கேன்.”

பழங்கட்டடத் துறையின் பொறியாளர் வந்த அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. தலைவர் துவைத்து மடித்த சட்டையில் இருந்தார். தச்சர் சங்கச் செயலாளர் சில உறுப்பினர்களோடு கொடி பிறந்த இடத்தைப் பார்க்க வந்திருந்தார். எல்லோரும் முழங்காலை மடித்து வாத்துகளாக உள்ளே வந்தார்கள், பொறியாளர் உட்பட. “இங்க இதுதான் வழக்கமாமே?” என்றார் அந்த அம்மா. கம்பு கண்ணை மூடிக்கொண்டார்.

“சொல்லுங்க தோழர்” என்றார் சங்கச் செயலாளர். “நம்ம பூவோட கதையைச் சொல்லுங்க.”

கம்பு தூணுக்கு முன்னால் நின்றார். வாசலுக்கு வெளியே கூரை நிழலில் அக்கா. மடியில் கை. இன்று எதுவும் சொல்லமாட்டேன் என்ற முகம்.

“தச்சன் பாதியில் போனான் என்று சொல்லியிருக்கிறேன்” என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தவர், பாதியில் அதைக் கீழே போட்டார். “அவன் போகலைங்க. நான்தான் அனுப்பிட்டேன். அவன் வேலையை முடிச்சிருக்கான். பாருங்க.” குனிந்து, எல்லோரும் பார்க்கக் குனிந்து, தான் மெழுகிய சேற்றைத் தானே கையால் தள்ளினார். இதழ் வந்தது, காம்பு வந்தது, இலை வந்தது.

“இதை முன்னாடியே பார்த்தீங்களா?” என்றார் பொறியாளர்.

“நாலு நாளாச்சு. முதல்ல மூடினேன்.”

“ஏன்?”

“கதை நல்லா இருந்துச்சு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முழங்காலைவிட வலித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப எங்க கொடி?”

“முழுப் பூவாப் போட்டுக்குங்க தோழர். முழுக் கூலியாக் கேக்கலாம்.”

செயலாளர் யோசித்து, அது மோசமில்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

பொறியாளர் அதற்குள் தரையில் மண்டியிட்டு அடுக்குகளைப் பார்த்துவிட்டு, கம்பு காட்டிய படிக்கட்டைக்குப் போய், துரு ஆணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இது பின்னால வச்ச கட்டை சார்.”

“அம்மா, அது எங்க தாத்தா காலத்துக் கட்டை!” என்றார் தலைவர். “பழமையை அப்படியே காக்கணும்.”

“எந்தப் பழமையை?” கம்புவுக்குப் பழைய குரல் திரும்ப வந்துவிட்டது. “கட்டினவன் வச்ச படி அடியில இருக்கு. உங்க தாத்தா சோம்பல்ல அறைஞ்ச கட்டை மேல இருக்கு. எதைக் காக்கறீங்க? நானும்தான் மேஜையைத் தட்டினேன், தட்டினது தப்பு. இந்தக் கட்டை ஒரு பொம்பளையோட இடுப்பை உடைச்சது. இப்ப வேலையையும் எடுக்குது. இதைச் செஞ்சது நானூறு வருஷத்துக்கு முந்தின எசமான் இல்ல. நீங்களும் நானும்.”

“தாத்தா போட்ட தரையும் வரலாறுதான், தலைவர் சொல்றதுல தப்பில்ல” என்றார் பொறியாளர். “ஒரு மூலையில அந்த அடுக்கெல்லாம் தெரியற மாதிரி அப்படியே விட்டுடலாம். மத்த இடத்துல பழைய மட்டத்துக்கு இறக்கணும். தூணெல்லாம் ஈர மண்ணுல புதைஞ்சு கிடக்கு, இப்படியே விட்டா அடி உளுத்துடும். மேல அறைஞ்ச கட்டையை எடுத்தா வெளியேயும் கல் வேண்டாம், சின்னச் சாய்வு போதும்.”

தலைவர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டையைப் போட்டுப் பார்த்தார். “வேலை முடியப் பல மாசம் ஆகுமே. அதுவரைக்கும் சீட்டு யார் கொடுக்கறது?”

“தரையைத் தோண்டும்போது மேஜை எப்படி சார் உள்ள இருக்கும்? வெளியே போடுங்க” என்றார் பொறியாளர்.

வெளியிலிருந்து, அதுவரை வாயே திறக்காத அக்கா, “மேஜைக்குத் துணி நானே கொண்டாறேன்” என்றாள். “போட்டோவுல நல்லா விழும்.”

மாதம் முடிந்தது. அக்காவின் வேலை முடியவில்லை.

தரை இறங்கிய நாளில் தச்சர் சங்கத்தினரே வந்து படிமேல் அறைந்திருந்த கட்டையை இரும்பாணிகளோடு பிடுங்கி எடுத்தார்கள். தேய்ந்த பழைய படியை மூடிச் சாய்வுப் பலகை வைத்தார்கள். அக்கா யாரையும் தள்ளவிடவில்லை. சக்கரத்தைத் தானே உருட்டி உள்ளே போனாள். நடு வீட்டில் நின்று முகட்டை அண்ணாந்து பார்த்தாள். எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

“நான் இல்லாதப்ப இந்த மூலையை எவன்டா பெருக்கினது?” என்றாள் அக்கா. “உத்தரம் பூரா நூலாம்படை. டேய் ஒட்டடைக்கம்பு, வா உள்ள, உன் பேருக்கு வேலை வந்திருக்கு.”

கம்பு வந்தார். தலையும் நிமிர்ந்து, முழங்காலும் நிமிர்ந்து, நியாயம் வென்ற மனிதனாக வாசலில் நுழைந்தார். உச்சந்தலை மேல்கட்டையில் ‘ணங்’ என்றது.

வாசல் எல்லோருக்கும் போதுமான உயரத்தில்தான் இருந்தது. அவர் மட்டும் அதைவிட ஒரு விரற்கடை அதிகம். கட்டியவனுக்கு அவர் மேல் பகை ஒன்றும் இல்லை. இப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் விளக்கம் சொல்கிறார். மூலையில் விட்டுவைத்த மண்ணடுக்கைக் காட்டி, இந்த மரங்களைச் சுமந்தவர்கள் யார், என்ன கூலி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதையே அவமானமாகக் கருதுங்கள் என்கிறார். கண்ணைத் துடைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கேள்வி கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சிலர் இன்னும் வாத்து நடையில்தான் வருகிறார்கள். அதை ஒழிக்க அவரால் இன்றுவரை முடியவில்லை.

நீங்கள் அடுத்தமுறை ஏதோ ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போவீர்கள். தலையைக் குனியுங்கள், தப்பில்லை, மண்டை உங்களுடையது. குனிந்ததும் தரையைக் கொஞ்சம் பாருங்கள். பிறகு திரும்பி, வாசலுக்கு வெளியே யார் நின்றுவிட்டார்கள் என்றும் பாருங்கள். சக்கர நாற்காலி எந்த வழியாக உள்ளே வரும் என்று அங்கே விளக்கம் சொல்கிறவரிடம் கேளுங்கள். அவர் பழமை, பணிவு, புரட்சி என்று எந்த அழகான கதையைச் சொன்னாலும், அந்த வழியைக் காட்டும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.